கடலைக் கடக்கக் கயிறு கட்டியவர்

வேலுமணி என் அக்கா புருஷன். முறைக்கு மாமா என்று கூப்பிடுகிறேன். மற்றபடி அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை என்று ஒன்று கிடையாது, இருப்பது போல நடிக்கவும் எனக்கு வராது. பெருமாள்மலை முக்கில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறார். எதிரே என் தையல் கடை. நான் மெஷினை ஓட்டினாலும் நிறுத்தினாலும் அவர் குரல்தான் காதில் விழும். கொடைக்கானல் ஏறுகிற பஸ்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவான், இவர் ஓயமாட்டார்.

இந்த வருஷம் பூண்டு விற்ற கையோடு மறுபடியும் திருச்செந்தூருக்கு வேன் பிடிக்கக் கிளம்பினார். புதுக்கயிறு ஒன்று வாங்கிக் கடை விட்டத்தில் சுற்றி மாட்டியிருந்தார், போன வருஷக் கயிற்றைவிடத் தடிமனாக. அதில் முதலாவதாக என் அக்கா சிவபாக்கியத்தையும் அவள் மகள் சண்முகப்பிரியாவையும் கட்டிக் கடலில் இறக்குவதாக இருந்தார். போன வருஷம் அவர்கள் இரண்டு பேரும் எப்படி உயிரோடு திரும்பினார்கள் என்பது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், அந்த மனுஷனுக்கும் தெரியும். ஊருக்குத் தெரிந்தது வேறு கதை. அதைச் சொன்னவர் அவர்தானே, பிறகு எப்படி இருக்கும்?

முதலில் அவருடைய தண்ணீர் ஞானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கொடைக்கானலுக்கும் மேலே இருக்கிற மேல்மலைக்காரர்கள், கடைக்காகத்தான் பெருமாள்மலை. எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் நீந்தத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. ஓடைத் தண்ணீரில் கையை வைத்தால் விரல் மரத்துப்போகும், அதில் யார் குதித்து விளையாடுவது? வெந்நீர் போட்டுத்தான் குளிப்போம். எங்களுக்குத் தண்ணீரில் இறங்குவது என்றால் அக்கரைக்குப் போவது, அவ்வளவுதான். மழைக்காலத்தில் ஓடை பெருகிவிட்டால் இந்தக் கரை மரத்தில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டுவார்கள். கால் ஊன்றத் தெரிந்த ஆள் ஒருத்தர் மறுமுனையோடு முதலில் கடந்து அந்தக் கரை மரத்தில் கட்டுவார். பிறகு மற்றவர்கள் இடுப்பைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வரிசையாகக் கடப்பார்கள். நுரைத்துச் சத்தம் போடுகிற இடத்தில் பாறை கிடக்கும், அங்கே கால் வைக்கக் கூடாது. சத்தமில்லாமல் சமமாக ஓடுகிற இடத்தில்தான் இறங்க வேண்டும். இதெல்லாம் எங்கள் ஊரில் நண்டுசிண்டுக்கெல்லாம் தெரிந்த விஷயம். மாமா மட்டும் அதை என்னவோ தான் பிறந்த பிறகுதான் உலகம் கண்டுபிடித்தது மாதிரி பேசுவார்.

ஒரு தடவை வெள்ளத்தில் போன ஆடு ஒன்றை இழுத்துக் கரையில் போட்டார். செய்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆடு கொஞ்ச நாளில் கன்றுக்குட்டி ஆனது, அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆனது. இப்போது லாரிக்காரர்களிடம் "ரெண்டு பிள்ளைகளத் தூக்குனேன்" என்கிறார். ஆட்டுக்குச் சொந்தக்காரர் சேனாதிபதி அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். அவருக்கு வாய் திறக்கச் சோம்பல், தலையை மட்டும் ஆட்டுவார்.

வட்டக்கானலில் இருக்கிற தங்கும் விடுதிகளுக்கு மாமாதான் காய்கறி போடுகிறார். போன இடத்தில் மூட்டையை இறக்கினோமா வந்தோமா என்று இருக்கமாட்டார். அருவிக்குக் கீழே கால் நனைக்கிற சுற்றுலாக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, எப்படி இறங்க வேண்டும், எப்படி மூச்சு விட வேண்டும் என்று வகுப்பு எடுப்பார். "ஐ யாம் ஸ்விம்மிங் மாஸ்டர்" என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். அது ஊருக்குப் போகும்போது நீச்சல் கண்ணாடியைக் கழற்றி இவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டது, பாவம். அதை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேரட் எடை போட்டார் பாருங்கள், எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, சிரிப்பு.

திருச்செந்தூர்ப் பயணம் எங்கள் ஊரில் பழக்கம். பூண்டு விலை போனதும் வேன் பிடித்துப் போய், கடலில் முழுகிவிட்டு முருகனைப் பார்ப்போம். கோயிலை ஒட்டிய கரையில் பயப்பட ஒன்றும் இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, அலை வந்து தலையில் விழுந்ததும் எழுந்து வந்துவிடலாம். மேலே போனால் விசில் ஊதிக் கூப்பிட ஆள் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெஞ்சளவுக்கு உள்ளே போனார். விசில்காரப் பையன் ஊதோ ஊது என்று ஊதி, "யோவ் கண்ணாடி, வெளிய வாய்யா" என்று ஊர் பார்க்க அழைத்துவிட்டான். அத்தனை பெண்களும் சிரித்தார்கள். எனக்கு வயிறு வலித்தது. அந்த அவமானம்தான் எல்லாவற்றுக்கும் காரணம், வேறு காரணமே கிடையாது.

போன வருஷம் வேன் புறப்படும்போதே சொல்லிவிட்டார்.

"கோயில் பக்கம் வேணாம். அங்க கூட்டம் நசநசன்னு கெடக்கும். நல்ல எடமா ஒண்ணு விசாரிச்சு வச்சிருக்கேன். நம்ம சனம் மட்டும் நிம்மதியாக் குளிக்கலாம்."

"விசில் ஊத ஆள் இருக்காதுல்ல மாமா, அதான நிம்மதி?" என்றேன்.

"உன் சோலியப் பாரு ரோகிணி" என்றார்.

வெள்ளனே போய்ச் சேர்ந்தோம். கோயிலைத் தாண்டி ஒரு மீனவர் குப்பம், அதையும் தாண்டி ஆளில்லாத மணல். நாலைந்து படகுகள் கிடந்தன. ஒருத்தர் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கடலைப் பார்த்ததும் எனக்கே ஒன்று தோன்றியது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்து இரைந்தது. நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு மட்டும் அலையே இல்லை, தண்ணீர் கொஞ்சம் கறுத்து, சத்தமில்லாமல் கிடந்தது. எங்கள் ஊர்க் கண்ணுக்கு அதுதான் இறங்குதுறை. மாமா கையை நீட்டிவிட்டார்.

"பாத்தீங்களா? இந்த எடந்தான். நொரைக்கிற எடத்துல பாறை இருக்கும். இங்க தண்ணி படுத்துக் கெடக்கு."

வலைக்காரர் தலையைத் தூக்கினார். "ஏ, அங்கன எறங்காதீய. வெள்ளையாக் கெடக்கதுதான் மணல் திட்டு, காலு எட்டும். அலை இல்லாத எடம் குழி. உள்ள இழுக்கும்."

"நாங்க தண்ணியப் பாத்து வளந்தவங்க தம்பி" என்றார் மாமா.

"எந்தத் தண்ணிய?"

மாமா வேனிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

நான் அப்போதே கேட்டேன். ஓடையில் கயிறு கட்டினால் மரத்தில் கட்டுகிறோம், இங்கே எந்த மரத்தில் கட்டப் போகிறீர்கள், மறுமுனை இலங்கையிலா என்று. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போய் வரிசையில் நின்றார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். வேனில் வந்த ஒரு ஆளுக்குக்கூட, மரமில்லாமல் மனுஷரை மனுஷரோடு கட்டினால் ஒருத்தர் போனால் எல்லோரும் போவார்கள் என்று உறைக்கவில்லை. மாமா முன்னால், அடுத்து அக்கா, அடுத்து சண்முகப்பிரியா, அவளுக்குப் பின்னால் சேனாதிபதி அண்ணன் பெண்டாட்டி ரம்யா, கடைசியில் சேனாதிபதி அண்ணன். பெண்கள் எல்லோரும் சேலை தாவணியோடு, ஆண்கள் வேட்டியோடு. நனைந்தால் அந்தத் துணியே காலைச் சுற்றி அமுக்கும்.

நான் வரமாட்டேன் என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன். "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லி, போனை என் கையில் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னார்.

மாமா எல்லோர் இடுப்பிலும் பூண்டு மூட்டைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டார். அந்த முடிச்சு நனைந்தால் இறுகும், கத்தி வைத்தால்தான் அவிழும். தன் இடுப்பில் மட்டும் வேறு போட்டுக்கொண்டார். மூட்டை சுமக்கிற குதிரையைக் கடை வாசலில் நிறுத்தும்போது போடுவார்களே, நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் உருவிக்கொண்டு வருமே, அந்த முடிச்சு. நான் பார்த்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. முன்னால் போகிறவர், தேவைப்பட்டால் ஓடி வந்து உதவுவார் என்று நினைத்துக்கொண்டேன் போல.

இறங்கினார்கள். முழங்கால், இடுப்பு. "அலையே இல்ல பாத்தீங்களா" என்று அவர் கத்துவது எனக்குக் கேட்டது. அடுத்த எட்டில் அவர் தலை ஒரு முழம் கீழே போனது. காலடி மணல் சரிந்திருக்கிறது. கயிறு விறைத்தது. அக்கா முகம் குப்புற விழுந்தாள், அவள் விழுந்ததும் பிரியா விழுந்தாள். ரம்யாவும் சேனாதிபதி அண்ணனும் குதிகாலை மணலில் ஊன்றிக் கரைப்பக்கம் இழுக்கிறார்கள், தண்ணீர் கடல்பக்கம் இழுக்கிறது, நடுவில் என் அக்காவும் அவள் பிள்ளையும். சேலை மட்டும்தான் மேலே தெரிந்தது. போன் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. நான் ஓடினேன், கத்தினேன். ஓடி என்ன செய்ய, எனக்கும் நீந்தத் தெரியாது.

அப்போதுதான் மாமாவின் கை இடுப்புக்குப் போனது. ஒரே இழுப்பு. கயிற்றின் முனை தண்ணீர்மேல் பாம்பு மாதிரி நெளிந்தது. அவர் பக்கவாட்டில் தத்தளித்து, அந்த வெள்ளை நுரைக்குள்ளே போய் விழுந்தார். பாறை இருக்கும் என்றாரே, அந்த இடத்தில். அங்கே கால் எட்டியது. அலை அவரைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டது. திரும்பிப் பார்க்காமல் நாலு காலில் ஏறி வந்தார்.

வலைக்காரர் அதற்குள் மிதவையை இழுத்துக்கொண்டு, வலை அறுக்கிற கத்தியோடு இறங்கிவிட்டார். கூட இன்னும் இரண்டு பேர். முதலில் பிரியாவுக்கும் ரம்யாவுக்கும் நடுவில் கயிற்றை அறுத்தார். கடைசியில் இருந்த இருவரும் பின்னால் சாய்ந்து விழுந்து தப்பித்தார்கள். பிறகு அக்காவையும் பிரியாவையும் மிதவையில் மாட்டி, கரையைப் பார்த்து நேராக இழுக்காமல், கரையோரமாகவே பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனார். "மல்லுக்கட்டாதீய, மெதங்குங்க, சும்மா மெதங்குங்க" என்று திட்டிக்கொண்டே போனார். இழுப்பு விட்ட இடத்தில் வெள்ளை அலை வந்தது. அந்த அலையோடு கரையேற்றினார். அக்கா குடித்த உப்புத் தண்ணீரையெல்லாம் கக்கினாள். பிரியாவுக்குக் கண் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி நான் பேசமாட்டேன்.

மாமா பக்கத்தில் வந்து நின்று முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "போன் எங்க?"

வலைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கூறு கெட்ட மூதி, பொண்டாட்டி பிள்ளயக் கட்டி எறக்கிட்டு நீ மட்டும் ஏறி வந்து நிக்க" என்றார். அடிக்கக் கையை ஓங்கி, பிறகு என்ன நினைத்தாரோ, துப்பிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு ஒரு கும்பிடு போடக்கூட எங்கள் ஆட்களுக்குத் தோன்றவில்லை. நான்தான் பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்தேன்.

திரும்பி வரும்போது வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் கதை தயாராகிவிட்டது. கயிறு கட்டியதால்தான் எல்லோரும் பிழைத்தார்களாம். கயிறு இல்லாவிட்டால் ஆளுக்கொரு பக்கம் போயிருப்பார்களாம். தான் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ஆள் கூட்டி வந்தாராம். சேனாதிபதி அண்ணனும் ரம்யாவும் குனிந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், அவர்கள் எதைக் கண்டார்கள்? பெருமாள்மலை வந்து இறங்கியபோது மாமாவுக்கு ஒருத்தர் மாலையே போட்டார். வேன் டிரைவர் வாங்கி வைத்த மாலை, முருகனுக்குப் போட வேண்டியது.

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ பாத்தியாடி?"

"பாத்தேன். நீ?"

"என் இடுப்பப் பிடிச்சு இழுத்த கயிறு லேசாச்சு. முனை என் மூஞ்சியில வந்து அடிச்சுச்சு." பிறகு சொன்னாள், "வாயத் தொறக்காத ரோகிணி. பிரியாவுக்குத் தெரிய வேணாம். அப்பா நம்மள விட்டுட்டுப் போனாருன்னு அந்தப் பிள்ள மனசுல விழுந்தா அது ஆயுசுக்கும் போகாது."

எனக்கு அக்கா மேல் வந்த கோபம் மாமா மேல் வந்ததைவிடப் பெரிது. இவ்வளவு நல்லவளாக இருந்து என்ன கண்டாள்? இருந்தாலும் அவள் உயிர், அவள் பிள்ளை. வருஷம் முழுக்க வாயை மூடிக்கொண்டு எதிர்க்கடையில் அந்தக் கதை வளர்வதைக் கேட்டேன். மாசத்துக்கு ஒரு அலை கூடியது. ஆடிக்குள் ஒரு சுறா வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை வாசலில் கூட்டம். இந்த வருஷம் யார் யார் வருகிறீர்கள் என்று மாமா கேட்டுக்கொண்டிருந்தார். மேல்மலையிலிருந்து சரக்கு கொண்டுவந்தவர்கள், சேனாதிபதி அண்ணன், ரம்யா, இரண்டு மூன்று லாரிக்காரர்கள். மாமா ஸ்டூல் மேல் ஏறி விட்டத்திலிருந்து புதுக்கயிற்றை இறக்கினார். பிரியா பிளஸ் டூ முடித்த பிள்ளை, அப்பாவுக்கு உதவியாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடலுக்குப் பிறகு அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடமாட்டாள், எரிந்தாலும் திறந்தே வைத்திருப்பாள். அது அவள் அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும்.

"இந்த வாட்டியும் அதே எடந்தான்" என்றார் மாமா. "நம்மகிட்ட முறை இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. பிரியா, வெரசா இங்க வா. எப்பிடிக் கட்டணும்னு எல்லாருக்கும் ஒருக்காக் காட்டிருவோம்."

பிரியா எழுந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது, ஆனாலும் எழுந்தாள். அப்பா சொன்னால் கேட்கிற பிள்ளை. அவள் நடந்து வருவதைப் பார்த்து, என் கடை வாசலில் நின்ற எனக்குக் கத்தரிக்கோல் கையில் இறுகிவிட்டது. சொல்லிவிடுவோம் என்று ரோட்டில் கால் வைத்தேன்.

அக்கா உள்ளே பூண்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள் வெளியே வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிரியாவைத் தோளில் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு, மாமா கையிலிருந்த கயிற்றை வாங்கினாள்.

"ஏங்க, கட்டிக் காட்டணும்னா மொதல்ல உங்களத்தான கட்டணும். நீங்கதான முன்னால போறீங்க. இறங்குங்க."

மாமா சிரித்துக்கொண்டே ஸ்டூலிலிருந்து இறங்கினார். "எனக்கு நானே போட்டுக்கிறேன் பாக்கியம்."

"வேணாம். இந்த வருசம் உங்க முடிச்ச நான் போடுறேன். எங்களுக்குப் போட்ட அதே மூட்டை முடிச்சு."

சொல்லிக்கொண்டே கயிற்றை அவர் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டாள். மாமா அவள் கையைத் தட்டிவிட்டு ஒரு எட்டு பின்னால் போனார். கேரட் மூட்டை சரிந்தது. வாசலில் நின்றவர்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சேனாதிபதி அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைப் பார்த்தார், மாமா இடுப்பைப் பார்த்தார், தன் பெண்டாட்டியைப் பார்த்தார். அவர் எதையாவது யோசித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் கேட்டது அவர் இல்லை.

"அப்பா" என்றாள் பிரியா. மெதுவாகத்தான் சொன்னாள், ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் கேட்டது. "அப்ப போன வருசம் உங்க இடுப்புல என்ன முடிச்சுப்பா?"

கொண்டை ஊசியில் ஏறிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரைக்கும் அவருக்கு அவகாசம் இருந்தது. வருஷம் பூரா ஓயாத வாய், ஒரு சொல் வரவில்லை.

அக்கா கயிற்றைக் கீழே விடவில்லை. அவள் அழவும் இல்லை.

"சொல்லுங்க" என்றாள். "பிள்ள கேக்குதுல்ல."

மாமா விட்டத்தைப் பார்த்தார், சரிந்து கிடந்த கேரட்டைப் பார்த்தார், ரோட்டைத் தாண்டி என்னையும் ஒரு தடவை பார்த்தார். மகள் முகத்தை மட்டும் அவர் பார்க்கவே இல்லை.